பெட்ரோல் எங்கே போகிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வாகனம் வைத்துத் தொழில் செய்யும் குழுக்களுக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது, "நீங்க வண்டியைச் சரி பண்ணின கதையைச் சொல்லுங்க, போதும்" என்றார்கள். நான் மெக்கானிக் இல்லை. பத்தாவது படித்தவள், சாம்பார்ப் பொடி அரைக்கிறவள், வேன் ஓட்டுகிறவள். அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இதில் நான் அழுத கதையும் இருக்கிறது, தப்பு பண்ணின கதையும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் குழுவில் 14 பேர். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, வடகம் போடுகிறோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி என்று கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் மூட்டை ஏற்றினால் கண்டக்டரோடு சண்டை, ஆட்டோ வைத்தால் லாபம் போச்சு. 2012-ல் வங்கிக் கடனில் ஒரு பகுதியை எடுத்து, 65,000 ரூபாய்க்குப் பழைய மாருதி ஆம்னி வாங்கினோம். 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. குழுவில் லைசென்ஸ் எடுத்திருந்தவள் நான் ஒருத்திதான், அதனால் சாவி என் கையில்.

முதல் மூன்று மாதம் வண்டி தங்கமாக ஓடியது. அப்புறம் ஐப்பசி மழையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு ஷெட்டில் விட்டு எடுத்தோம். அதிலிருந்து ஆட்டம் தொடங்கியது. ரோட்டில் போகும்போது ஒரு குறையும் தெரியாது. ரயில்வே கேட்டில் நின்றால், ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், வண்டி மொத்தமும் நடுங்கும். கண்ணாடி தடதடக்கும், பின்னால் பொடி டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிக்கும். இரண்டு நிமிடத்தில் 'டப்' என்று அணைந்துவிடும். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான், "பொம்பளைகிட்ட வண்டியைக் கொடுத்தா இப்படித்தான்" என்பான். வண்டி ஓட்டுகிற எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

அப்போது நான் ஒரு தப்பு பண்ணினேன். சோக் குமிழைப் பாதி இழுத்து வைத்தால் ஆட்டம் குறைந்தது, வண்டி அணையவில்லை. காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பத்தான் சோக். சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நான் ஆறு வாரம் அதை இழுத்து வைத்தே ஓட்டினேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. நான் பிடிவாதமாக வாங்கச் சொன்ன வண்டியாயிற்றே, குறை சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

ஆனால் எங்கள் குழுவில் பெட்ரோல் நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுத வேண்டும். வாரம் 210 கிலோமீட்டர் ஓடுவோம், 15 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர். அந்த ஆறு வாரமும் அதே 210 கிலோமீட்டருக்கு 21 லிட்டர் ஆனது. லிட்டருக்கு 10 தான்.

வாரக் கூட்டத்தில் ஓர் அக்கா நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "ஏம்மா, வண்டி அதே ஊருக்குத்தான் போகுது, அதே தூரந்தான் போகுது. பெட்ரோல் மட்டும் எங்கே போகுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் திருடினேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. சாவியை நோட்டின் மேல் வைத்துவிட்டு, "இனிமே நான் ஓட்டல, நீங்களே பாத்துக்குங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் அழுதேன். ஒரு வாரம் வண்டி நின்றது, இரண்டு கடையில் ஆர்டர் போனது.

இடையில் குழுவினர் இருவர் வண்டியை வேறொரு ஷெட்டுக்கு ஆள் வைத்து ஓட்டிப்போனார்கள். அங்கே ஐந்து நிமிடம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "என்ஜின் இறக்கணும், போர் பண்ணணும், 22,000 ஆகும். வீட்டு ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார்களாம். 22,000 ரூபாய்க்கு எங்களிடம் எங்கே போவது? வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று தீர்மானம் எழுதுகிற நிலை வந்துவிட்டது.

அந்தச் சமயம் எங்கள் உறுப்பினர் ஒருவருடைய மகள், ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வந்தாள். நேராக என் வீட்டுக்கு வந்து, "அத்தை, வண்டியை ஓட்டினது நீங்கதான். அது எப்ப ஆடுது, எப்ப ஆடலைன்னு உங்களுக்குத்தான் தெரியும். என்ஜினைத் தொடுறதுக்கு முன்னாடி நான் உங்களைத்தான் விசாரிக்கணும்" என்றாள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விகளைத்தான் இன்று உங்களுக்குக் கொடுக்க வந்திருக்கிறேன்.

முதல் கேள்வி: நிற்கும்போது மட்டும் ஆடுகிறதா, ஓடும்போதும் ஆடுகிறதா? நிற்கும்போது மட்டும் என்றேன்.

இரண்டாவது: சோக்கை இழுத்தால் ஆட்டம் கூடுகிறதா, குறைகிறதா? எனக்கு முகம் வெளுத்துப்போனது. குறைகிறது என்றேன். ஆறு வாரமாக இழுத்து வைத்திருந்ததையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அப்ப உங்க பெட்ரோல் அங்கதான் போச்சு அத்தை" என்றாள்.

மூன்றாவது: புகை என்ன நிறம்? நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். எங்கள் வண்டியில் லேசான கறுப்பு மட்டும். ஆயில் அளவு குறையவே இல்லை. என்ஜின் தேய்ந்துபோயிருந்தால் ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும், மேடேறத் திணறும். இந்த மூன்றும் இல்லாதபோது என்ஜினை இறக்குவது கடைசி வேலை, முதல் வேலை இல்லை என்றாள்.

ஏன் நிற்கும்போது மட்டும் ஆடுகிறது? இதை நம் அடுப்படிக் கணக்கில் சொல்கிறேன். அண்டாவில் நூறு பேருக்குச் சோறு வடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கூடினால் யாருக்கும் தெரியாது. அரை உழக்கு அரிசிக்கு ஒரு டம்ளர் கூடினால் சோறு குழைந்துவிடும். என்ஜினும் அப்படித்தான். ஓடும்போது நிறையக் காற்றும் நிறையப் பெட்ரோலும் உள்ளே போகிறது. காலை எடுத்ததும் காற்று போகிற வாசல் கிட்டத்தட்ட மூடிவிடும். கொஞ்சம் காற்று, அதற்கு அளந்து கொஞ்சம் பெட்ரோல். அந்த நேரம் எங்காவது ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து அளவைக் கெடுத்துவிடும். பெட்ரோல் பற்றாமல் என்ஜின் நடுங்கும். சோக்கை இழுத்தால் பெட்ரோல் கூடுவதால் நடுக்கம் அடங்கும், ஆனால் ஓடுகிற நேரமெல்லாம் பெட்ரோல் வீணாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துவாரம் அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஆக, சந்தேகம் இரண்டு இடத்தில்: காற்று ஒழுகல், இல்லையென்றால் துவார அடைப்பு.

இனி வேலைக்கு வருவோம். அதற்கு முன் சில எச்சரிக்கைகள், தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டால் புகையில் இருக்கிற விஷவாயு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், சடையைக் கொண்டை போடுங்கள், வளையலையும் கழற்றிவிடுங்கள். பெல்ட்டும் ஃபேனும் யாரையும் பார்க்காது. பெட்ரோல் ஒழுகல் இருந்தால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், முதலில் அதை அடையுங்கள்.

ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே. அன்று குழுவில் எட்டுப் பேர் சுற்றி நின்றோம். கேள்வி கேட்ட அக்காவும் வந்திருந்தார். அந்தப் பிள்ளை நோட்டை அவர் கையில் கொடுத்து, "பெரியம்மா, நாங்க செய்யறதை ஒவ்வொண்ணா எழுதுங்க. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்துவோம். நாலையும் சேர்த்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது" என்றாள்.

முதலில் ஏர் ஃபில்டர். மிளகாய்ப் பொடி ஜல்லடை மாதிரி அடைத்திருந்தது. மாற்றினோம். ஆட்டம் போகவில்லை. அக்கா எழுதினார்.

அடுத்து ஸ்பார்க் ப்ளக். என்ஜின் ஆறிய பிறகு, ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும், ஒயர் மாறிவிடக் கூடாது. ப்ளக்கின் நுனி என்ஜினின் நாக்கு மாதிரி. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதில்லையா, அதே காரணம்தான். காபிப்பொடி நிறத்தில் காய்ந்திருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் பிசுக்கு என்றால் உள்ளே தேய்மானம். எங்களுடையது மூன்றும் கரி, அது சோக் செய்த வேலை. ஆனால் இரண்டாவது ப்ளக் மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை என்று அர்த்தம். புது ப்ளக் மூன்றும் போட்டோம், இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

மூன்றாவது, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது. ஆம்னிக்கு மூன்று சிலிண்டர். என்ஜினை அணைத்துவிட்டு ஒரு ப்ளக் ஒயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய ப்ளக்கைச் செருகி என்ஜின் இரும்பில் படும்படி வைத்து, ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். ஓடும்போது ஒயரைக் கையால் தொடவே கூடாது, தூக்கி அடிக்கும். கழற்றியதும் என்ஜின் இன்னும் மோசமாக ஆடினால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். கழற்றியும் மாற்றம் இல்லை என்றால் அதுதான் சும்மா இருந்தது. ஒன்றைக் கழற்றினோம், ஆட்டம் கூடியது. மூன்றைக் கழற்றினோம், கூடியது. இரண்டைக் கழற்றினோம், பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் ஒரு சிலிண்டர் 450 தடவை வெடிக்க வேண்டும். அந்த 450-இல் பாதிக்கு மேல் தவறிக்கொண்டிருந்தது.

நான்காவது சோதனை இருட்டில். அன்று ராத்திரி எட்டு மணிக்கு, தெருவிளக்கு படாத இடமாக வண்டியை முற்றத்தில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டோம். இரண்டாவது ப்ளக் ஒயரின் நடுவில், மின்மினி மாதிரி ஒரு நீலப் பொறி. ஒயரின் ரப்பர் வெடித்து, மின்சாரம் ப்ளக்குக்குப் போகாமல் வழியிலேயே இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் 'அட' என்று ஒன்றாகச் சொன்னோம். பகலில் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது.

மறுநாள் ஒயர் செட் மாற்றினோம். மூன்று சிலிண்டரும் வேலை செய்தன. ஆனாலும் சோக்கை உள்ளே தள்ளினால் இன்னும் லேசான நடுக்கம். இங்கேதான் பலர் நின்றுவிடுவார்கள். ஸ்லோ ஸ்க்ரூவை ஒரு திருகு ஏற்றி வைத்தால் என்ஜின் வேகம் கூடி நடுக்கம் மறைந்துவிடும். வியாதி அப்படியே இருக்கும். எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. அந்தப் பிள்ளை விடவில்லை.

சோப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து, ஓடுகிற என்ஜினில் ரப்பர் குழாய்கள், கார்புரேட்டர் அடிப்பக்கம், மேனிபோல்டு பொருந்துகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் விட்டாள். ப்ளக், ஒயர் பக்கம் படாமல் பார்த்துக்கொண்டாள். மேனிபோல்டில் செருகியிருந்த ஒரு விரல் கனக் குழாயின் அடியில் விட்டதும் தண்ணீர் 'சுர்' என்று உள்ளே இழுபட்டது, என்ஜின் சத்தம் ஒரு கணம் மாறியது. கழற்றிப் பார்த்தால், மேலே நல்லபடியாக இருந்த குழாய் அடியில் நகம் நீளத்துக்கு வெடித்திருந்தது. சூட்டில் காய்ந்து இறுகிப்போன ரப்பர். மழைக்காலத்தில் ஷெட்டில் கழற்றி மாட்டியபோது வெடித்திருக்கலாம்.

இதை எப்படி உறுதி செய்தோம் தெரியுமா? பெட்ரோல் நோட்டை வைத்து. ஷெட்டில் இருந்து வண்டி வந்த அதே வாரத்தில்தான் 14, 10 ஆக இறங்கியிருந்தது. அதற்கு முந்தின வாரம் வரை ஒரு குறையும் இல்லை.

கடைசியாக, கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணி அளவு வைக்கிற வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தோம். அது நம் கைவேலை இல்லை. மொத்தச் செலவைக் கேளுங்கள். குழாய் 60, ஒயர் செட் 350, ப்ளக் மூன்றும் 240, ஏர் ஃபில்டர் 150, கார்புரேட்டர் கூலி 400. ஆக 1,200 ரூபாய். 22,000 எங்கே, 1,200 எங்கே! அடுத்த வாரம் 210 கிலோமீட்டருக்கு மறுபடியும் 15 லிட்டர்தான். ரயில்வே கேட்டில் நின்றால் வண்டி ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி.

என்ஜின் இறக்குகிற வேலையே பொய் என்று நான் சொல்லவில்லை. தேய்ந்தால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்கச் சொல்கிறவரிடம், "கம்ப்ரஷன் செக் பண்ணி மூணு சிலிண்டருக்கும் அளவு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். மூன்றும் நன்றாக இருந்தால் இறக்க அவசரம் இல்லை. ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள், வால்வா, ரிங்கா, கேஸ்கெட்டா என்று. எழுதிக் கொடுக்க மறுத்தால் வேறு ஷெட்டுக்குப் போங்கள். ஆம்பளையைக் கூட்டி வா என்றால் நோட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள். புது வண்டிகளில் கார்புரேட்டரும் சோக்கும் இருக்காது, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பார்கள். அங்கேயும் கேள்வி இதேதான்: எப்போது ஆடுகிறது, எந்த வாரத்தில் தொடங்கியது, மலிவான காரணங்களை எல்லாம் பார்த்தாயிற்றா?

இனி மனசில் இருக்கிறதைச் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் அக்கா கேட்ட கேள்வி எனக்குச் சுட்டது. இன்று யோசித்தால், அதைவிடச் சரியான கேள்வி கிடையாது. வண்டியின் கோளாறை முதலில் கண்டுபிடித்தது ஷெட்காரர் இல்லை, நானும் இல்லை, அந்த அக்காதான். என்ஜினைப் பார்க்காமலே, நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நான் சாவியை வீசாமல், "ஆமாக்கா, சோக்கை இழுத்து வெச்சு ஓட்டறேன், வண்டியில ஏதோ கோளாறு" என்று முதல் வாரமே சொல்லியிருந்தால், வாரம் 6 லிட்டர் வீதம் ஆறு வாரத்தில் 36 லிட்டர் பெட்ரோல் மிச்சம். இரண்டு கடையும் கைவிட்டுப் போயிருக்காது.

நம் குழுக்களிலும் இதைப் பார்க்கிறேன். கடன் பட்டுவாடா நடக்கிற மாதம் எல்லாரும் வருகிறோம், எல்லாம் ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஒன்றும் நடக்காத மாதத்தில்தான் ஆட்டம் தெரிகிறது. யாரோ ஒருத்தி வரவில்லை, ஏன் என்று கேட்பதில்லை. கணக்கு இடிக்கிறது, கேட்டால் மனஸ்தாபம் என்று விட்டுவிடுகிறோம். அதுவும் சோக்கை இழுத்து வைத்து ஓட்டுவதுதான். கேளுங்கள், ஆனால் கேட்ட பிறகு ஆளைத் தனியாக விட்டுவிடாமல், கூடவே உட்கார்ந்து தேடுங்கள். உங்களை யாராவது கேட்டால் என்னை மாதிரி சாவியை வீசாதீர்கள், நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

அந்த அக்கா இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று முதல் பெட்ரோல் நோட்டு அவர் பொறுப்பு. இன்று காலை வரும்போதும் மீட்டரைக் குனிந்து பார்த்து எழுதிவிட்டுத்தான் இறங்கினார். அந்தப் பிள்ளை படிப்பை முடித்து ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறாள். போன் பண்ணினால் இன்றும் அவள் முதலில் கேட்பது, "எப்ப ஆடுது அத்தை?" என்றுதான்.

 சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருப்பேன், சீட்டைத் தூக்கிக் காட்டுகிறேன். முந்தானையைச் செருகிக்கொண்டு வாருங்கள்.